முந்தின வருஷத்துக்கும் முந்தின தகப்பனார்

மகா கனம் பொருந்திய அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்வித் துறை அதிகாரிகள் சமூகத்துக்கு,

கல்லூரிச் செலவுக்கு வகையில்லாத பிள்ளைகளின் பொருட்டு ‘ஃபாஃப்சா’ என்னும் விண்ணப்பப் படிவத்தைத் தாங்கள் அனுக்கிரகித்திருப்பதும், தகப்பனாரின் சம்பாத்தியத்தை அவர் வாயால் கேட்டு நேரத்தை விரயம் செய்யாமல் வருமான வரி இலாகாவிலிருந்தே நேராக வரவழைத்துக்கொள்வதும் நிர்வாகத் திறமையின் சிகரம் என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. வரவழைக்கப்படுகிறவர் எந்த வருஷத்துத் தகப்பனார் என்பதில்தான் அடியேனுக்குச் சற்றே மயக்கம்.

2026-ஆம் வருஷம் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு 2024-ஆம் வருஷத்து வருமானத்தைப் பார்த்தே உதவி நிர்ணயிக்க வேண்டும் என்பது தங்கள் சாஸ்திரம். எடிசன் நகரத்தில் ஒரு தகப்பனார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2024 முழுவதும் கம்ப்யூட்டர் கம்பெனியில் உழைத்த அவர், 2025-இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மடிக்கணினி தம் கடவுச்சொல்லை மும்முறை மறுத்ததிலிருந்து தமக்கு நேர்ந்த உத்தியோக வியோகத்தை ஊகித்தறிந்தார். அவர் மனைவி அதை நம்பிவிட்டாள். வீட்டுக் கடன் கொடுத்த பாங்கியும் நம்பிவிட்டது. தங்கள் படிவம் மாத்திரம் நம்ப மறுத்து, அவரை இன்னமும் தவறாமல் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தராகவே கௌரவித்து வருகிறது. எங்கள் ஊர்த் தாசில்தார் வருமானச் சான்றுக்காக மனிதரை அலையவைப்பார், வாஸ்தவம். ஆனாலும் எதிரே வந்து நிற்கிற ஆளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

பெற்றோரில் எவரேனும் வேலையிழந்தவரா என்று முன்பு படிவத்திலேயே ஒரு கேள்வி இருந்தது. 2024-25-ஆம் கல்வியாண்டில் படிவத்தை எளிமைப்படுத்தியபோது அதை எடுத்துவிட்டீர்கள். கேள்வியை நீக்கினால் வேலையில்லாமையும் நீங்கிவிடும் என்ற இந்தத் தத்துவம் எங்கள் வேதாந்திகளுக்கும் எட்டாதது.

இதைவிட ரஸமானது இரண்டாம் வருஷத்துக் கணக்கு. ஓய்வுக் காலத்துக்கென்று ‘401-கே’ நிதியில் அவர் சேர்த்து வைத்த பணம், தொடாமல் கிடக்கும்வரை தங்கள் கண்ணில் படுவதில்லை; அரிசிக்கும் வீட்டுக் கடன் தவணைக்குமாக அதை உடைத்து, ஐம்பத்தொன்பதரை வயதை எட்டாத குற்றத்துக்காகப் பத்து சதவீதம் அபராதமும் கட்டி, அவர் எடுத்துச் சாப்பிட்ட மாத்திரத்தில் அது வருமானமாகிவிடுகிறது. கம்பெனி கடைசியாகக் கொடுத்த ஈட்டுத் தொகையும், சர்க்கார் கொடுத்த வேலையில்லாக் காலப் படியும் அதனோடு கூட, 2025-இல் வேலையற்றிருந்தவர் 2027-28-க்கான படிவத்தில் பிரபுவாக அவதரிக்கிறார்.

பரிகாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். கல்லூரியின் நிதியுதவி அதிகாரி மனம் வைத்தால் நடப்பு நிலைமையைக் கருதிக் கணக்கைத் திருத்தலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரே படிவத்தில் இருபது கல்லூரிகளுக்கு மனுச்செய்ய வழி வகுத்த தாங்கள், வேலை போன துக்கத்தை மட்டும் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் தனித்தனியே அழுது தீர்க்கும்படி விட்டுவிட்டீர்கள். நீக்க உத்தரவு, கடைசிச் சம்பளச் சீட்டு, படி வாங்கிய அத்தாட்சி ஆகிய தஸ்தாவேஜுகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கல்லூரி இரங்கும், இன்னொன்று இரங்காது. இரங்காத கல்லூரியின் முடிவின் மீது தங்களிடம் அப்பீலும் கிடையாது.

ஆதலால் அடியேனின் பிரார்த்தனை ஒன்றே. 2024-ஆம் வருஷத்துச் சம்பளம் இன்னும் ஜீவித்திருக்கிறது என்று தாங்களே தீர்மானித்துவிட்டபடியால், 2026-ஆம் வருஷத்துக் கட்டணத்தை அந்தச் சம்பளத்திலிருந்தே வசூலித்துக்கொள்ளும்படி கல்லூரிப் பொக்கிஷதாரர்களுக்கு ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டுகள் எல்லாம் தகப்பனாரிடம் பத்திரமாக இருக்கின்றன.

இங்ஙனம்,
தங்கள் கணிதத்தை வியக்கும் ஒரு விசுவாசி