850 காலமும் 500 காலமும்

தொண்ணூறுகளின் நடுவில் வட கரோலினாவில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் ஸ்டாக் கார் பந்தயம்தான். சார்லட் பக்கம் வேலைக்குப் போன எனக்கு, கோயில் எங்கே என்று தெரிவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜ் பழகிவிட்டது. அவருக்கு ஒரே கொள்கை. கார்புரேட்டர் என்றால் ஹாலி, ஹாலி என்றால் 850. மற்றதெல்லாம் புல்வெட்டும் மெஷினுக்கு.

கால்குலேட்டர் வைத்திருப்பவன் சும்மா இருப்பேனா? எஞ்சின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் எடுத்து, அதிகபட்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி, 3456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த 850-உம் இதே கன அடிக் கணக்குதான். அவருடைய செவர்லே 350, 7000 சுற்றில் கேட்டது 709. அதுவும் சிலிண்டர்கள் நூறு சதம் நிரம்பினால். "650, மிஞ்சிப்போனால் 750 போதுமே" என்றேன். தாளை வாங்கிப் பார்த்தார். அதிலேயே கை கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

நேர்பாதையில் 850 பறந்தது உண்மை. ஆனால் அரை மைல்கூட இல்லாத தடத்தில் நேர்பாதை எவ்வளவு இருக்கும்? வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரு கணம் முனகிவிட்டுத்தான் கிளம்பும். தடித்த குழலில் இளநீர் உறிஞ்சுகிற கதை. வென்சுரி, அதாவது கார்புரேட்டரின் குறுகிய தொண்டை, அகலமானால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அங்கே அழுத்தம் போதுமான அளவு இறங்காது. பெட்ரோலை இழுத்துப் பொடியாகத் தூவ ஆளிருக்காது. அந்த ஒரு கணத்தில் 650 போட்டவன் உள்பக்கமாகப் புகுந்து போயிருப்பான். பெரியவர் பழியைத் தூக்கி டயர் மேல் போடுவார்.

இன்று கராஜ் பேரன் கையில். என் அக்கா மகனும் அங்கேதான் கிடக்கிறான். எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்சிஜன் சென்சார். காற்றும் எரிபொருளும் என்ன விகிதம் என்று லேப்டாப்பில் கோடு ஓடுகிறது. எனக்கு வாயூறியது. "எந்த சைஸ்டா போடப் போறீங்க?"

"சைஸா? 500 டூ-பேரல் மாமா. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் அதேதான். ரூல்."

தேர்ந்தெடுக்க வேண்டிய கருவியெல்லாம் வந்து சேர்ந்த நேரத்தில் தேர்வையே எடுத்துவிட்டார்கள்! அந்த 500-உம் முழு 500 அல்ல. நான்கு துளைக் கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளக்கிறார்கள், டூ-பேரல் என்கிற இரு துளையை 3 அங்குலத்தில். ஒரே தராசில் நிறுத்தால் சுமார் 350 தேறும். 709 கேட்கிற எஞ்சினுக்கு அரைச் சாப்பாடு. செலவும் வேகமும் கட்டுக்குள் இருக்குமாம், நியாயம்தான். மேலே நாஸ்கார் கப் பந்தயத்தில் 2012-ல் கார்புரேட்டரையே அனுப்பிவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தார்கள். பழைய இடத்திலேயே, பழையபடி நான்கு துளையோடு, அதே ஹாலி செய்த காற்றுவாய்!

பசித்த எஞ்சின் திருடாமல் இருக்குமா? கார்புரேட்டருக்குக் கீழே கேஸ்கெட் ஓரமாகக் கள்ளக் காற்று விடுகிறவர்கள் உண்டு. பரிசோதகர் எஞ்சினை ஓடவிட்டுக் கார்புரேட்டர் வாயை மூடுவார். யோக்கியமான எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் வேறெங்கோ மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்.

நம் பிள்ளைகள் அந்த வழிக்குப் போகவில்லை. நாலைந்து 500-களை வாங்கி, எது கொஞ்சம் கூடுதலாகக் காற்று விடுகிறது என்று ஃப்ளோ பெஞ்சில் ஏற்றிப் பார்க்கிறார்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே நம்பர்தான்.

"வித்தியாசம் இருக்காடா?"

"இருக்கு மாமா. வெளிய சொல்லிடாதீங்க."