பார்க்காமல் போட்ட கையெழுத்து

1526 மார்ச் 3-ஆம் தேதி, போர்ச்சுகல் இளவரசி இசபெல் கல்யாணப் பெண்ணாக செவில் நகருக்குள் நுழைந்தார். ஊர் திரண்டு நின்றது. மாப்பிள்ளையைத்தான் காணோம். ஸ்பெயினுக்கு அரசர், ஜெர்மனிக்குப் பேரரசர், இன்னும் எதற்கெதற்கோ அதிபதியான ஐந்தாம் சார்லஸ், ஒரு வாரம் கழித்து 10-ஆம் தேதி சாவகாசமாக வந்து சேர்ந்தார். வந்த இரவே, நடுநிசிக்கு மேல், அல்காசர் அரண்மனையில் கல்யாணம். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

முகம் எதற்கு? வரதட்சணை 9 இலட்சம் டோப்லா பொற்காசு. பிரான்சோடு சண்டை போட்டே கஜானா வற்றிக் கிடந்த நேரம். போதாததற்கு, மாப்பிள்ளையின் தங்கையை முந்தின வருடம்தான் பெண்ணின் அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே ஒரு சிக்கல்: இருவரின் அம்மாக்களும் கூடப்பிறந்த அக்கா தங்கை. நம் கணக்கில் சார்லஸ், பெண்ணுக்குப் பெரியம்மா மகன். பேச்சை எடுத்தாலே விளக்குமாறு பறக்கும். போப்பாண்டவர் கணக்கில் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கினால் தீர்ந்தது.

பணத்துக்காகப் பார்க்காமலே கையெழுத்திட்ட இந்த ஒப்பந்தம்தான் சார்லஸின் வாழ்க்கையில் உருப்படியாக அமைந்தது. பேரரசருக்குத் தாடை நீண்டு, வாய் சரியாக மூடாது. பெண்ணைப் பார்த்தபின் கேட்கவே வேண்டாம். அந்த மார்ச்சிலேயே, கலகம் செய்த பிஷப் ஒருவருக்கு அவர் ஆட்கள் மரண தண்டனை நிறைவேற்றிவிட்டார்கள். அந்தப் பாவத்துக்கு ரோமிலிருந்து மன்னிப்பு வரும்வரை புது மாப்பிள்ளை பூசைக்குப் போகாமல் ஒதுங்கியிருந்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மே மாதத்தில் கிளம்பி கோர்தோபா. எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய மசூதி. எண்ணூற்றைம்பதுக்கும் மேல் தூண்கள், மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். அதன் நட்டநடுவைப் பெயர்த்துத் தேவாலயம் எழுப்ப 1523-இல் அந்த ஊர் பிஷப் கிளம்பியபோது, கைவைக்கும் கொத்தனுக்கு மரண தண்டனை என்று நகரசபையே மிரட்டியது. வழக்கு பேரரசரிடம் போனது. கட்டுங்கள் என்று பிஷப் பக்கம் தீர்ப்பு. கட்டடத்தை அவர் அப்போது பார்த்ததில்லை! பிறகு வந்து பார்த்து, எங்கும் கிடைப்பதைக் கட்டுவதற்காக எங்குமே கிடைக்காததைக் கெடுத்துவிட்டீர்களே என்று நொந்துகொண்டதாக ஒரு கதை. உத்தரவில் இருப்பது யார் கையெழுத்து என்று யாராவது கேட்டதாகக் கதையில் இல்லை.

ஜூனில் கிரனாடா. 1492-இல் தாத்தாவும் பாட்டியும் பிடித்த ஊர். இருவருக்கும் ஒரே தாத்தா, ஒரே பாட்டி என்பதால் யார் வீட்டுச் சொத்து என்ற சண்டைக்கு வழியில்லை. அல்ஹம்ப்ரா அரண்மனையில் சுல்தான்களின் நீரூற்றும் சுதை வேலையும் கண்ணுக்கு நிறைவுதான். பரிவாரத்துக்குத்தான் இடம் போதவில்லை. அரசியார் ஊருக்குள் இருந்த சான் ஹெரோனிமோ மடத்துக்கு ஜாகை மாற்றினார். சுல்தான்களின் முற்றத்தை ஒட்டியே தனக்கொரு அரண்மனை வேண்டும் என்று பேரரசருக்கு ஆசை வந்துவிட்டது. வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். பார்த்தால் காளைச் சண்டைத் திடல் மாதிரி இருக்கும்.

கட்டும் செலவுக்கு ஆள் இருந்தது: கிறிஸ்தவத்துக்கு மாறிய முஸ்லிம்கள், அதாவது மொரிஸ்கோக்கள். அவர்கள் அரபு பேசக்கூடாது, பழைய உடை உடுத்தக்கூடாது என்று ஓர் உத்தரவு தயாரானது. பெருந்தொகை கொடுத்தார்கள், உத்தரவு நாற்பது வருடம் தூங்கப் போனது. ஊரைப் பறிகொடுத்தவர்களின் வரிப்பணத்திலேயே 1527-இல் அரண்மனைக்கு வேலை தொடங்கியது.

அதற்குள் டிசம்பரிலேயே தம்பதி கிளம்பியாயிற்று. இசபெல் அப்போது கர்ப்பிணி. சார்லஸ் கிரனாடாவுக்குத் திரும்பி வரவே இல்லை. இசபெல் வந்தார், 1539-இல், சவப்பெட்டியில். சார்லஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இறந்தவளின் முகத்தை ஓவியர் திஷியனிடம் சொல்லி வரைய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரனாடாவில் கருவான பிள்ளைதான் இரண்டாம் பிலிப். நாற்பது வருடம் முடிந்ததும் 1567-இல் உத்தரவைத் தட்டி எழுப்பினார். அடுத்த வருடம் மொரிஸ்கோக்கள் கலகம் செய்தார்கள், வரிப்பணம் நின்றது, அப்பாவின் அரண்மனை வேலையும் நின்றது. கூரை முழுதாக வேய்ந்தது இருபதாம் நூற்றாண்டில். கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்காரர் வரவில்லை.