திருவல்லிக்கேணி மேன்சன்களில் கடைவார நூடுல்ஸ்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வேலை தேடியும் தேர்வெழுதவும் சென்னைக்கு வரும் ஆடவர்க்கு மாத வாடகையில் அறை தரும் திருவல்லிக்கேணி விடுதிகள் மேன்சன் எனப்படும். அறைக்குள் சமைக்கக் கூடாது என்ற அறிவிப்பும், அதற்கு நேர் கீழே கெட்டில் செருகுவதற்கு வாகான பிளக் பாயின்ட்டும் ஒரே சுவரில் காணப்படுதல் இம்மரபின் அடிப்படை முரணாகும். அம்முரணின் விளைவே இங்கு ஆராயப்படும் உடனடி நூடுல்ஸ். தட்டில் அதனோடு கலந்துள்ள பொருள்களைக் கொண்டு அன்றைய தேதியைக் கணிக்கலாம் என்பதும், கையிருப்புக் குறையக் குறையச் சமையற்கலை வளரும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் இரு கருத்துகள்.

2. வரலாறு

ஜப்பானின் ஒசாக்கா மாகாணத்தைச் சேர்ந்த இக்கேடா நகரில் மொமொஃபுக்கு ஆண்டோ 1958இல் இவ்வுணவை உருவாக்கினார். ஆவியில் வெந்த இழைகளைச் சூடான எண்ணெயில் இட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறி நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. பின்னொரு நாள் வெந்நீர் அத்துளைகளின் வழியே புகுந்து இழையை மீண்டும் மென்மையாக்குகிறது. அன்று அதன் விலை 35 யென். புதிதாகச் செய்த உடோன் என்னும் கோதுமை நூடுல்ஸோ அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்தது. ஆகவே இன்று மாதக் கடைசிக்கு உரியதாகிவிட்ட இவ்வுணவு, பிறப்பால் மாத முதல் வாரத்தைச் சேர்ந்தது என்க.

இந்தியாவில் மேகி நூடுல்ஸ் 1983இல் அறிமுகமானது. ஈயம் மிகுந்திருப்பதாகக் கூறி 2015 ஜூனில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதற்குத் தடை விதித்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மறுபரிசோதனைகளுக்குப் பின் நவம்பரில் அது மீண்டும் கடைகளுக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்கள் மேன்சன் வரலாற்றின் களப்பிரர் காலம் ஆகும். வேறு நிறுவனங்களின் நூடுல்ஸ் அப்போதும் கிடைத்ததே எனின், களப்பிரர் காலத்திலும் மக்கள் உண்டு உறங்கி வாழ்ந்தனர் என்பதே விடை.

3. கருவி

கெட்டிலின் மேற்பகுதியில் எழும் நீராவி, வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகட்டைச் சுடச்செய்ய, அத்தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. தேநீருக்கு ஏற்ற இவ்வமைப்பு நூடுல்ஸுக்குப் பகையாகும்; ஏனெனில் நீர் கொதித்த கணத்தில்தான் அது வேகும் இரண்டு நிமிடம் தொடங்க வேண்டியிருக்கிறது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவி தகட்டைச் சேராது, கெட்டில் அணையாது என்னும் நுட்பத்தை மேன்சன்வாசிகள் எந்த இயற்பியல் நூலையும் புரட்டாமலே கண்டறிந்துள்ளனர். ஆயினும் மாவுச்சத்து கரைந்த நீர் நுரைத்துப் பொங்கும் இயல்புடையது ஆதலின், அருகிலிருந்து காவல் காத்தல் கடமை எனக் கொள்ளப்படும்.

4. பருவப் பகுப்பு

தலைவாரம், இடைவாரம், கடைவாரம் எனப் பருவம் மூன்று. தலைவாரத் தட்டில் குடைமிளகாய், கேரட், இரண்டு முட்டை ஆகியன காணப்படும். இது உணவன்று, பிரியாணி உண்ட நாளின் இரவுப் பொழுதுபோக்கு. இடைவாரத்தில் குடைமிளகாய் மறைந்து பச்சை மிளகாய் தோன்றும், முட்டை ஒன்றாகும். மைதாவும் எண்ணெயுமே மிகுந்த நூடுல்ஸுக்கு ஏறத்தாழ ஆறு கிராம் புரதத்தை அளிப்பது அம்முட்டையே என்பதால், அதன் மறைவைக் கடைவாரத்தின் தொடக்கமாகக் கொள்வர்.

கடைவாரத்திலேயே ஆய்வுக்குரிய செழுமை காணப்படுகிறது. ஊரிலிருந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து அனுப்பப்பட்டு, தலைவாரத்தில் எவரும் திரும்பிப் பார்க்காத பருப்புப் பொடி, முட்டை விட்டுச் சென்ற புரதப் பொறுப்பை இப்போது ஏற்கிறது. இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் சேர்வதுண்டு. அதனால் மிச்சமாகும் மசாலாப் பொட்டலம், மறுநாள் வெறுஞ்சோற்றுக்குத் துணையாகும். இவ்வகையின் உச்சம் சால்னா முறையாகும். பரோட்டாவோடு இலவசமாகத் தரப்படும் காரக் குழம்பு சால்னா. ஒரேயொரு பரோட்டாவைப் பார்சல் வாங்கி, "அண்ணே, சால்னா கொஞ்சம் சேத்து ஊத்துங்க" என்னும் விண்ணப்ப வாய்பாட்டைக் கூறி, கிடைத்ததை வெந்த நூடுல்ஸின் மேல் ஊற்றுவது அம்முறை. பரோட்டாவைப் பிய்த்து மேலே தூவுதல் அறைத்தோழர் இருவராயின் கட்டாயம், ஒருவராயின் விருப்பம்.

5. நீர்ப் பூசல்

நீர் முழுவதும் வற்ற வேண்டும் என்பார் வற்றலார். குழம்பாக நிற்க வேண்டும் என்பார் குழம்பர். இது சுவை பற்றிய பூசல் போலத் தோன்றினும், ஒரு பொட்டலத்தை இருவர் பகிரும் இரவில் வற்றலாரும் குழம்பராகிவிடுதலின், பங்கு பற்றிய பூசலே எனத் துணியப்படும்.

6. முடிவு

பணம் உள்ளபோது கடைக்காரர் சமைக்கிறார். பணம் தீர்ந்தபின் அறிவு சமைக்கிறது. அவ்வாறாயின் இத்துணை நுட்பம் வாய்ந்த கலைக்கு இதுகாறும் ஒரு நூலும் எழாதது ஏன் என்னும் வினா எஞ்சுகிறது. பணம் வந்த அன்றே இக்கலையில் வல்லார் அனைவரும் பிரியாணிக் கடை வரிசையில் நின்று, கற்றதை முற்றும் மறந்துவிடுகின்றனர். அடுத்த இருபத்து நான்காம் தேதி வாக்கில் அதை முதலிலிருந்து கண்டுபிடிக்கின்றனர். எழுதி வைக்க வேண்டிய காலத்தில் அவர்களுக்குப் பசியும், எழுதி வைக்க இயலும் காலத்தில் ஏப்பமும் தடையாக அமைவதே அதற்குக் காரணம் என்க.