பாயின்ட் சேர்த்துப் பணக்காரர் ஆவது எப்படி?

முதலில் மாமல்லபுரம் போய் ஒரு பூனையைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஸ்தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால், அர்ச்சுனன் தபசுப் பாறையில், பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே அது கைகளை உயரத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் பயபக்தியோடு கூடியிருக்கின்றன. எந்த எலிக்கு எத்தனை பாயின்ட் என்று மட்டும் பல்லவச் சிற்பி செதுக்காமல் விட்டுவிட்டான்.

கும்பிட்டாயிற்றா? அப்படியே சிற்பக் கடைப்பக்கம் நடந்து, ஒரு கருங்கல் பிள்ளையாரை விலை கேளுங்கள்.

“காசுன்னா பத்தாயிரம் சார், ஜீபேயும் ஓகே. கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும்.”

தயங்காமல் கிரெடிட் கார்டை நீட்டவும். 10,200 ரூபாய் போகும். 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், பாயின்டுக்கு 25 பைசா என்பது உங்கள் கார்டின் கணக்கானால், 102 பாயின்ட் வரும். அதாவது 25 ரூபாய் 50 காசு. அதற்காகக் கொடுத்தது 200 ரூபாய். வீட்டில் கேட்டால் 102 என்ற எண்ணை மட்டும் சொல்லுங்கள். பாயின்டை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது இந்தக் கலைக்கு ஆகாத பழக்கம்.

பெட்ரோலுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது. ஆனால் சர்சார்ஜ் தள்ளுபடி உண்டு! 500 ரூபாய்க்குப் போட்டால் ஒரு சதவீதம், 5 ரூபாய் பிடிப்பார்கள். பிறகு அந்த ஐந்தைத் திருப்பியும் தருவார்கள். அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி 90 காசு மட்டும் திரும்பாது. நாட்டுக்கு நம்மால் ஆனது.

ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590. வருஷத்துக்கு ஒரு லட்சம் செலவழித்தால் தள்ளுபடி என்பார்கள். கடைசி மாதத்தில் 12,000 குறைகிறதா? செங்கல்பட்டு பஜாரில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கிப்போடுங்கள். இருக்கிற மெஷின் ஓடுகிறதே என்று யோசிப்பவர்கள் 590 ரூபாயை இழப்பார்கள்.

இப்படிச் சேர்த்த 2,000 பாயின்டை ஒருநாள் மாற்றப் போவீர்கள். மதிப்பு 500 ரூபாய். மாற்றுவதற்குக் கட்டணம் 99, ஜிஎஸ்டி சேர்த்து ஏறக்குறைய 117. மீதி 383-க்குக் கேட்டலாக்கில் ஒரு தோசைத்தவா தெரியும். அதே தவா கடையில் என்ன விலை என்று கேட்டுவிடாதீர்கள். பாயின்டின் உண்மையான மதிப்பு தெரிந்துபோகும்.

பில் வரும்போது ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு சிறிய எண் அன்பாக அச்சிட்டிருக்கும். அதை மட்டும் கட்டுவது மேல்நிலைப் பயிற்சி. 20,000 ரூபாய் பாக்கி நின்றால் மாதம் 3.75 சதவீதத்தில் வட்டி 750, அதற்கு ஜிஎஸ்டி 135, ஆக 885. அதே இருபதாயிரத்துக்குக் கிடைத்த பாயின்டின் மதிப்பு 50 ரூபாய். கந்துவட்டிக்காரர் இந்த ஐம்பதைக்கூடத் தரமாட்டார் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக ஏர்போர்ட் லவுஞ்ச். செங்கல்பட்டு - பீச் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கும் இந்த வசதி உண்டு, முந்தைய மூன்று மாதத்தில் வங்கி சொன்ன தொகையைச் செலவழித்திருந்தால். காரில் போங்கள், பரனூர் டோலைக் கட்டி மீனம்பாக்கம் சேருங்கள். உள்ளே இட்லி, பொங்கல், காபி எல்லாம் இலவசம். போர்டிங் பாஸ் கேட்பார்கள். அதனால் எங்கேயாவது ஒரு விமான டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். கன்வீனியன்ஸ் ஃபீ தனி. டிக்கெட்டைக் கார்டிலேயே எடுக்கவும், பாயின்ட் வரும்.