கருணாபுரத்தின் தடையற்ற சந்தை

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பொருளாதாரச் சுதந்திரம் இல்லையென்று யார் சொன்னது? நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, உரிமம், வரி, பில் என்ற தொல்லை எதுவுமின்றிப் பாக்கெட் சாராயம் விற்றது. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். அந்த ஏகபோகத்துக்கு மலிவு விலைப் போட்டி இது ஒன்றுதான். 2024 ஜூனில், மெத்தனால் கலந்த சரக்குக்கு 60 பேருக்கு மேல் பலி.

குடித்தவர் தப்புக்கு வரிப்பணத்தில் நிவாரணமா என்பார்கள். கூலிக்காரர் மலிவைத் தேடுவது சந்தை விதி. சரக்கில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவருடைய நாக்கா? அரசு கணக்கில் கெட்டி: இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், அடுத்து வந்த சட்டத் திருத்தத்தில், சாவுக்குக் காரணமான சாராய வியாபாரிக்கு ஆயுள் சிறையோடு குறைந்தது 10 லட்சம் அபராதம். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம், ஆட்சியர் இடமாற்றம். அந்தத் தலைப்பில் மட்டும் ரூபாய்க் கணக்கு இல்லை.