வீட்டு உள்ளகங்கள்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வு வினா: மின்காந்தச் சுருளுக்குள் உள்ளகமாக எதைச் செருகலாம்? அறிஞர் பெருமக்கள் இக்கேள்வியைத் தொடாததற்குக் காரணம், தேனிரும்பு வாங்க அவர்களிடம் காசு இருந்ததே.

முன்னோடி: 1825இல் வில்லியம் ஸ்டர்ஜன், லாடமாக வளைத்த இரும்புக்கு வார்னிஷ் பூசி, செம்புக் கம்பியைச் சுற்றிக் காட்டினார். 7 அவுன்ஸ் இரும்பு 9 பவுண்டைத் தூக்கியது. அவர் இளமையில் செருப்புத் தைக்கக் கற்றவர். ஆகவே வீட்டு ஆய்வாளர் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

முறை: மோட்டார் வைண்டிங் கடையில் எடைபோட்டு வாங்கிய எனாமல் கம்பி, முனைகள் பளபளக்கச் சுரண்டியது. சுருளும் பேட்டரியும் மாறா. உள்ளகம் மட்டும் மாறும். அளவலகு குண்டூசி.

முடிவுகள்:

அ) எவர்சில்வர் கரண்டி. நிக்கல் கலந்த எவர்சில்வர் காந்த விஷயத்தில் ஏறக்குறைய வெறுங்காற்றுக்குச் சமம். அடுக்களையின் கருத்தும் பெறப்பட்டது, அச்சிடத் தக்கதன்று.

ஆ) பசையில் குழைத்த இரும்புத்தூள். ஸ்ட்ராவில் அடைத்து உலர்த்தியது. பார்வைக்கு ஆய்வுக்கூடத் தரம். ஆனால் துகளுக்குத் துகள் பசை குறுக்கே நிற்பதால் இரும்பின் பலத்தில் பெரும்பகுதி வீண். சுழல் மின்னோட்டத்தை அடக்க வேண்டிய வானொலிச் சுருள்களில் இதே குறுக்கீடு நற்குணம். மின்னோட்டம் மாறாத பேட்டரியிடம் அந்தச் சிபாரிசு செல்லாது.

இ) ஸ்க்ரூடிரைவர். நன்றாகப் பிடித்தது. பேட்டரியைக் கழற்றிய பின்பும், பதவிக்காலம் முடிந்த தலைவரைப்போல், பிடித்ததை விடவில்லை. கடின எஃகின் காந்தத் தேக்குத்திறன் அப்படிப்பட்டது.

ஈ) கட்டுக்கம்பி. கான்கிரீட் கம்பிகளை முடிச்சுப் போடும் அதே கறுப்புக் கம்பி. சூடேற்றி ஆறவிட்ட மென்மையான இரும்பு, விரலாலேயே வளையும். விரல் நீளத் துண்டுகளைக் கட்டாகச் செருகியதும் குண்டூசிகள் கொத்தாக ஏறின. இணைப்பை எடுத்ததும் பொலபொலவென்று கொட்டின. ஒன்றிரண்டு மட்டும் தயங்கின.

கோட்பாடு: தூக்குவது பாதி வேலை, விடுவதே மீதி. ரிலேயும், பழைய இரும்பை அள்ளும் கிரேனும் விடும் திறமையால்தான் பிழைக்கின்றன. விடத் தெரியாத உள்ளகம் வைத்த மின்சார மணி, ஒரே ஒருமுறை ‘டிங்’ என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும்.

பரிந்துரை: கட்டுக்கம்பி மாதிரிகளை மேஸ்திரியின் அனுமதியோடு மட்டுமே சேகரிக்கவும். ஸ்க்ரூடிரைவரை நிராகரிக்க வேண்டாம். பீரோவுக்கு அடியில் உருண்ட திருகாணியை மீட்க அதற்கு நிகரில்லை. அது தனி முனைவர் பட்டத்துக்கு உரிய தலைப்பு.