சிங்கத்துக்குத் தெரியாத கட்டணம்

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில் க்ரூகர் தேசியப் பூங்கா இருக்கிறது. கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். அதன் மேற்கு எல்லையை ஒட்டி, சாபி சாண்ட் என்ற தனியார் சரணாலயம். இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் காலையில் க்ரூகரில் சோம்பல் முறித்த சிங்கம் மத்தியானத் தூக்கத்தைச் சாபி சாண்டில் போடலாம், கேட்பாரில்லை. நமக்கு அப்படியில்லை. க்ரூகருக்குள் காரை ஓட்டிக்கொண்டு போய் அந்தச் சிங்கத்தைப் பார்க்க, வெளிநாட்டுக்காரருக்கு ஒரு நாளைக்குச் சில நூறு ராண்ட். சாபி சாண்டின் பேர்பெற்ற விடுதிகளில் தங்கிப் பார்க்க, தலைக்கு ஒரு ராத்திரிக்குப் பல்லாயிரம் ராண்ட். அதே சிங்கம், அதே பிடரி, அதே கொட்டாவி. எல்லையைத் தாண்டி நாலு அடி வைத்ததும் அதன் மதிப்பு ஐம்பது மடங்கு ஏறிவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. தனியார் காட்டில் நாம் காசு கொடுப்பது மனிதர்களுக்காக. பெரும்பங்கு, வராமலிருக்கும் மனிதர்களுக்கு. மிச்சம், வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதருக்கு.

சாப்பாடும் படுக்கையும் சேர்ந்த விலையாயிற்றே என்பார்கள். சேர்ந்ததுதான். விடியுமுன் காபி, ரொட்டித்துண்டு. காட்டுக்குள் இன்னொரு காபி. திரும்பி வந்து காலைச் சாப்பாடு, பிறகு மதியம், பிறகு கேக்கோடு டீ, சூரியன் மறையும்போது மடக்கு மேசை விரித்து ஜின், இரவு நெருப்பைச் சுற்றி விருந்து. இவ்வளவையும் பகாசுரனே வந்து காலி செய்தாலும் கொடுத்த பணத்துக்கு ஈடாகாது. ஆகவே வயிற்றுக் கணக்கை ஒதுக்கிவிட்டு, வராதவர்களின் கணக்குக்கு வருவோம். க்ரூகருக்கு ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. சாலையை விட்டு இறங்கக்கூடாது. இருட்டுமுன் வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும். சாலையோரம் ஒரு சிங்கம் படுத்தால் போதும், கார்கள் மொய்த்துவிடும்; பின்வரிசைக்காரர் முன்கார் பம்பரை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்புவார். சாபி சாண்டில் கூரையில்லா லேண்ட் க்ரூசர் புதரை மிதித்துக்கொண்டு சிறுத்தைக்குப் பின்னாலேயே போகும். ஒரு விலங்கின் அருகில் பெரும்பாலும் மூன்று வண்டிக்கு மேல் விடமாட்டார்கள். நாலாவது வண்டி தூரத்தில் நின்று, டோக்கன் வாங்கிக்கொண்டு டாக்டருக்குக் காத்திருப்பதுபோல, ரேடியோவில் தன் முறை வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் சிறுத்தையும் பெரிய டாக்டர் மாதிரியேதான், யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காது.

இந்த நிமிர்ந்து பாராமையைக் காட்டித்தான் அடுத்த ஆட்சேபம் வரும்: அங்கே விலங்கு கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது, அது அந்தக் காட்டின் சிறப்பில்லையா? இல்லை, அதுவும் மனித உழைப்பு. சாபி சாண்டுக்குள் இருக்கும் லொண்டோலோசி என்ற விடுதியில் 1970-களின் இறுதியிலிருந்து சிறுத்தைகளை விடாமல், பொறுமையாகப் பின்தொடர்ந்து பழக்கினார்கள். டீசல் வாசனையடிக்கும் இந்தப் பெரிய உருவம் தின்னவும் உதவாது, தின்னவும் வராது என்று தாய்ச் சிறுத்தைகள் முடிவுகட்டின; குட்டிகளும் அதே பாடத்தோடு வளர்ந்தன. வண்டியில் எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். உருவம் கலைந்தால் பாடமும் கலைந்துவிடும். சக்கரத்தை உரசிப் போகும் சிறுத்தையைப் பார்த்து, காட்டின் ஆதி முகத்தைத் தரிசித்ததாக விருந்தாளி புல்லரிக்கிறார். அவர் பார்த்தது நல்ல வளர்ப்பை. அவர் கையிலுள்ள பட்டியலும் இரவல்தான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற ‘பிக் ஃபைவ்’, நடந்துபோய் வேட்டையாடினால் உயிருக்கு ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் வகுத்தது. மடியில் கம்பளியும் வெந்நீர்ப் பையுமாக உட்கார்ந்து அதற்கு டிக் போடுகிறோம். ஒட்டகச்சிவிங்கி இத்தனை உயரம் வளர்ந்தும் வேட்டைக்காரர்களைப் பயமுறுத்தாததால் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைச் சிரித்துத் தள்ள முடியாது. இந்தப் பணம்தான் விலங்குகளைக் காப்பாற்றுகிறது என்பது. க்ரூகரில் 2011-ல் பத்தாயிரம் அளவில் இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள், கள்ளவேட்டையால் 2020-ல் 3,000-க்கும் கீழே போய்விட்டன. இன்று அந்நாட்டு வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கு மேல் தனியார் நிலங்களில் இருக்கின்றன. பணம் இருப்பவர் காவலுக்கு ஆள் போடுகிறார், கொம்பையும் முன்கூட்டியே அறுத்துவைக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதுவும் என் கட்சிக்கே சாட்சி: காண்டாமிருகத்துக்கு வேண்டியதும் சில மனிதர்கள் வராமலிருப்பதுதான். இந்த ‘வராமை’ எல்லாம் இயற்கை தந்ததும் இல்லை. சாபி சாண்டின் மாலாமாலா நிலத்திலிருந்து ஒரு காலத்தில் வெளியேற்றப்பட்டவர்களின் சந்ததியார் உரிமை கோரி நீதிமன்றம் வரை போக, 2013-ல் அரசு ஏறத்தாழ 100 கோடி ராண்ட் கொடுத்து நிலத்தை வாங்கி அவர்களிடம் சேர்த்தது. அவர்களும் அங்கே சஃபாரியையே தொடர்கிறார்கள். ஆளில்லாக் காட்டுக்கு என்ன விலை போகும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இனி, வந்திருக்கும் மனிதர். வண்டியின் முன்மூலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை நாற்காலியில் ட்ராக்கர், அதாவது தடம் பார்ப்பவர், உட்கார்ந்திருப்பார்; பெரும்பாலும் அந்த வட்டாரத்து ஷாங்கான் இனத்தவர். கை உயர்ந்தால் வண்டி நிற்கும். இறங்கிக் குனிவார். மண்ணில் ஒரு பாதத் தடம். குதிகால் பக்கம் மூன்று மடிப்பு, நகக்குறி இல்லை, சிங்கத்தின் தடத்தைவிடச் சிறியது. சிறுத்தை. அந்தத் தடத்தின்மேல் பூச்சி ஊர்ந்த மெல்லிய கோடு கிடந்தால், ராத்திரியே போய்விட்டது. விளிம்பு கூர்மையாக இருந்தால், இப்போதுதான். எங்கோ அணில் விடாமல் கத்தும். அந்தப் பக்கம் கையைக் காட்டுவார். இருட்டியபிறகு, ஓடுகிற வண்டியில் விளக்கைச் சுழற்றிக்கொண்டே, இலைக்கு நடுவில் வெளிறித் தெரியும் விரல்நீளப் பச்சோந்தியைக் கண்டுபிடிப்பார். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய லென்ஸோடு பின்னால் இருப்பவர், விளக்கு அதன்மேலேயே நின்றபிறகும் எங்கே எங்கே என்பார். ஐம்பது மடங்கில் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்த சரக்கு இவர்தான். ஆனால் கிளம்பும்போது கொடுக்கவேண்டிய அன்பளிப்புக்கு விடுதிகள் ஒரு யோசனை சொல்கின்றன: விளக்கம் சொல்லி வண்டியோட்டிய ரேஞ்சருக்கு இவ்வளவு, ட்ராக்கருக்கு அதைவிடக் குறைவு. கண்டுபிடித்தவரைவிட, கண்டுபிடித்ததைப் பற்றிப் பேசியவருக்குக் கூலி அதிகம். இந்த அன்பளிப்புக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ரேஞ்சர்கள் கோபித்துக்கொள்வார்கள். துப்பாக்கி அவர்களிடம் இருக்கிறது என்பதால்தான் இதைத் தொலைவிலிருந்து எழுதுகிறேன்.